இரண்டு படைக்கும் ஒரே சட்டை

மழைக்குப் பயந்து தலையைக் குனிந்துகொண்டு ஓடியவள், பெரிய கண்ணாடியைத் தூக்கி வந்தவன்மேல் நேராகப் போய் மோதினாள். கண்ணாடி தப்பியது. அவளுடைய பெயிண்ட் பெட்டி கவிழ்ந்து, குப்பிகள் தெருவில் உருண்டன.

“கண்ணு தெரியலையா?” அவள்தான் முந்திக்கொண்டாள்.

“நான் நடந்துதாங்க வந்தேன். பறந்து வந்தது நீங்க…”

கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, குப்பிகளைப் பொறுக்கிப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தான். இமையில் மழைத்துளி. உடம்போடு ஒட்டிய மண்நிறச் சட்டை. போகிற போக்கில் ஒரு சிரிப்பு… அந்த வாரம் முழுக்க அவளுக்கு அதுதான் சோறு.

வேறு என்ன இருந்தது அவளுக்கு?

அவள் சித்தப்பாவின் பட்டறையில், அருங்காட்சியகத்துக்காகப் பழைய போர் ஒன்றைப் பொம்மையாகச் செய்துகொண்டிருந்தார்கள். சுண்டுவிரல் உயரச் சிப்பாய்கள். ஒரு படைக்குச் சிவப்புச் சட்டை, எதிர்ப்படைக்குப் பச்சை. அசல் சட்டையின் கந்தலைப் பக்கத்தில் வைத்து, அதைவிடக் கொஞ்சம் வெளுப்பாகக் கலக்க வேண்டும். அதே அழுத்தத்தில் அடித்தால் சின்ன உருவத்தில் கறுத்துப்போகும். அன்று தெருவில் உருண்டவை, அப்படி அவள் கண் பார்த்துக் கலந்த கடைசிக் குப்பிகள். கலந்த கொஞ்ச நாளில், அந்த மழைக்கு முன்பே, சிவப்பும் பச்சையும் அவளுக்கு ஒரே மண்ணாகிவிட்டன. கண் நரம்பு வாடுகிறது, பார்வை திரும்பாது என்றார் டாக்டர். அவள் வீட்டில் மூச்சு விடவில்லை. வேலை போனால் இருக்கிற இடமும் போகும். குப்பியில் பேர் எழுதி ஒட்டினாலே ‘எதுக்குடி?’ என்பார் சித்தப்பா. பெட்டியில் இடது ஓரம் சிவப்பு, வலது ஓரம் பச்சை. கைப்பழக்கத்தில் வண்டி ஓடியது.

சித்தப்பா வெளியூர் போயிருந்தார்; சாயங்காலம் வந்து பார்ப்பார். மதியமே, பொம்மைகளுக்குக் கண்ணாடிப் பெட்டி பொருத்த ஆள் வந்துவிட்டது. அவனேதான்.

மேசையைப் பார்த்துச் சிரித்தான். “ஏங்க, ரெண்டு பக்கமும் சிவப்பா நிக்கறாங்களே… யாரு யாரைச் சுடறது?”

அவள் பெயிண்ட் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். சிவப்புப் படையை மழைக்கு முன்பே முடித்திருந்தாள்; அன்று அடுக்கியபோது குப்பிகள் இடம் மாறி, பச்சைப் படைக்கும் சிவப்பையே அடித்திருக்கிறாள்!

“உங்க வேலையை மட்டும் பாருங்க!” என்று சீறினாள். குரல் பாதியிலேயே உடைந்தது. “எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தாங்க தெரியுது…”

அவன் சிரிப்பு செத்துப்போயிற்று. “அடுக்கினது நான்தானே… பச்சை எதுன்னு காட்டறேன், இப்பவே மாத்தி அடிச்சிடலாம்.”

“இன்னிக்கு நீங்க காட்டுவீங்க. நாளைக்கு? போகப் போக உங்க மூஞ்சியே தெரியாதாம்.”

“தெரிஞ்சு மட்டும் என்னங்க லாபம், இந்த மூஞ்சி?”

அவள் சிரிக்கவில்லை. அவன் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தான்.

“உங்க பெயிண்ட் பெட்டி மேல பட்டறைப் பேரு இருந்துச்சு. இந்த வேலையை நானாக் கேட்டு வாங்கினேன். நீங்க அடையாளம் கண்டுக்கணும்னுதான்… அன்னிக்குப் போட்ட அதே சிவப்புச் சட்டையைத் துவைச்சுப் போட்டுட்டு வந்தேன்.”

“சிவப்பா?”

அவள் கண் நிறைந்தது.

“இத்தனை நாளா நான் நினைச்சு நினைச்சு உருகினது… மண்ணு நிறச் சட்டைக்காரரைங்க…”

சாயங்காலம் ஆகுமுன்பே வாசலில் சித்தப்பாவின் செருப்புச் சத்தம். அவள் கை தானாக நீண்டு அவன் சட்டையைத் தொட்டது. தொட்டால் நிறம் தெரியுமா? துணிதான் தெரிந்தது.