கேசட்டில் பெய்த மழை

முத்துலிங்கத்துக்கு ஒரு வியாதி இருந்தது. யாருக்கு என்ன சிக்கல் வந்தாலும், குற்றவாளி யாரென்று அவனுக்கு உடனே தெரிந்துவிடும். பிழைப்பு என்னவோ அக்கரப்பத்தனை கடைத்தெருவில் ரேடியோ பழுதுபார்ப்பது. மனசு மட்டும் பக்கத்து வீட்டு றோலண்ட் சார்ஜனின் வாசலில் கிடக்கும். பொலிஸில் ஓய்வு பெற்று வந்து லீக்ஸ் பாத்தி போட்டுக்கொண்டிருந்த அந்த மனிதரைத் தேடி யாராவது அழுதுகொண்டு வந்தால் போதும், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து நிற்பான்.

எழுபத்தொன்பதாம் வருஷம், மழை விடாத ஒரு காலையில் அப்படி வந்தவள் மீனம்மா. மேல்பிரிவுத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும் நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா அவள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கேசட்டை மேசைமேல் வைத்தாள்.

"போச்சுங்க சார்ஜன் ஐயா. அம்புட்டும் போச்சு. ஒரு பாட்டுகூட இல்ல."

"ஐயய்யோ!" என்று அலறியது முத்துலிங்கம்தான். அந்தக் கேசட்டைப் பதிவு செய்தவனே அவன்தானே!

றோலண்ட் கையிலிருந்த மண்ணைத் துடைத்தார். "உட்காருங்கம்மா. தொடக்கத்துல இருந்து சொல்லுங்க."

மீனம்மா சொன்னாள். சோலைமலை என்றால் அக்கரப்பத்தனையிலிருந்து திம்புள்ள வரைக்கும் தெரியாதவர் இல்லை. காமன் கூத்தில் அவர் குரல் எழும்பினால் மலையே கேட்கும். அப்பேர்ப்பட்டவருக்கு ஒப்பந்தப்படி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் கடிதம் வந்துவிட்டது. மறுநாள் காலை லொறி வரும், ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏற வேண்டும். வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று அவருடைய ரசிகர்கள் கூடி, ஆளுக்கொரு பாட்டாக அவர் பாட்டுகளையே பாடி, ஒரு கேசட்டில் பிடித்து வைத்தார்கள். அவருக்குத் தெரியாமல் செய்த வேலை.

"கடைசியா பாடினது எங்கப்பா. ஆண்டியப்பன்னா ஒங்களுக்குத் தெரியும். நெஞ்சுச் சளியோட எந்திரிச்சு உட்கார்ந்து பாடினாரு. பாடி முடிச்ச கொஞ்ச நாள்ல போய்ச் சேந்துட்டாரு. அன்னையில இருந்து கேசட்டு இருக்கிற அலமாரியத் தொறக்க எனக்கு மனசு வரல. நாளைக்குக் கேசட்டக் குடுத்துருவோமே, அதுக்கு முந்தி அப்பா குரல ஒரே ஒரு தடவை கேட்டுக்குவோம்னு இன்னைக்குப் போட்டேன்..."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"இன்னொருக்கா பாடிப் பிடிச்சா..." என்று ஆரம்பித்த முத்துலிங்கம் நாக்கைக் கடித்துக்கொண்டான். செத்தவரை எங்கே போய்ப் பாடச் சொல்வது?

அசட்டையாக யாராவது அழித்திருக்கலாமோ என்று றோலண்ட் கேட்டார். முத்துலிங்கம் துள்ளினான். "நடக்காதுங்க ஐயா! கேசட்டு முதுகுல ஒரு சின்னப் பல்லு இருக்கும். அத நான் ஒடைச்சுட்டேன். ஒடைச்சுட்டா பதியிற பொத்தான் இறங்கவே இறங்காது. அந்த ஓட்டைய எதையாவது வச்சு அடைச்சாத்தான்..."

கேசட்டைத் திருப்பியவன் அப்படியே நின்றான். ஓட்டை அடைபட்டிருந்தது. றோலண்ட் ஊசியால் கிளறி எடுத்தார். சாக்குநூல். நன்றாகச் சுருட்டித் திணித்திருந்தது. எடுத்த விரலில் கறுப்பாக ஏதோ ஒட்டியது.

"இந்த வித்தை யார் யாருக்குத் தெரியும், முத்துலிங்கம்?"

முத்துலிங்கத்தின் காது சிவந்தது. "பாட்டு முடிஞ்ச அன்னைக்கு... நான்தான் பெருமையா எல்லாருக்கும் விளக்கிக் காட்டினேன். மீனம்மா இருந்துச்சு, கந்தப்பன் வாத்தியாரு, செல்லசாமி, சோலைமலை சம்சாரம் பேச்சியம்மா. சோலைமலை அண்ணனை வெளிய எங்கயாவது அனுப்பி வைக்கச் சொல்லி பேச்சியம்மாகிட்ட மட்டும் முன்கூட்டியே சொல்லி வச்சிருந்தோம்."

ரெக்கோடரும் கேசட்டும் பிள்ளைக்காம்பரா அலமாரியில்தான் இருந்தன. சாவி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். யாரும் எடுக்கலாம், யாரும் திருப்பி வைக்கலாம்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்க ஐயா!" என்றான் முத்துலிங்கம். "கந்தப்பன்தான். கூத்துக்கு வாத்தியார் அவரு, பேரு வாங்கினது சோலைமலை. வயித்தெரிச்சல்! அதோட அவருக்குத் தேயிலை ஸ்டோர்ல சாக்குத் தைக்கிற வேலை."

"சாக்கு இல்லாத காம்பரா தோட்டத்துல எது?" என்றார் றோலண்ட்.

"அப்ப செல்லசாமி. அவன் தொண்டை கட்டிப் பாடினான்னு நான் சேத்துக்கல. என்னை அடிக்கவே வந்தான்."

"இருக்கலாம். சோலைமலை இதுக்கு முந்தியும் ஒரு தடவை போகக் கிளம்பினாரே?"

அழுகையின் நடுவிலும் மீனம்மா முகத்தில் ஒரு பெருமை வந்தது. "ஆமாங்க. ரெண்டு வருஷத்துக்கு முந்தி. ஹட்டன் ஸ்டேஷன்ல நாங்க எல்லாரும் சேந்து அவரு பாட்டப் பாடினோம். கேட்டுட்டு, ஏறின கோச்சியில இருந்து இறங்கிட்டாரு! தோள்ல தூக்கிக்கிட்டு வந்தோம்."

றோலண்ட் எழுந்தார். கேசட்டை எடுத்துக்கொண்டு முத்துலிங்கத்தின் கடைக்கு நடந்தார்.

கடையில் கேசட் ஓடியது. "பாருங்க, வெறும் இரைச்சல்," என்றான் முத்துலிங்கம்.

"இரைச்சல் இல்ல தம்பி. மழை. மைக்கு மெசினுக்குள்ளயே இருக்கு இல்லையா? பதியிற பொத்தான அமுக்கினா பழசு அழியும். ஆனா அந்த நேரம் சுத்தி என்ன சத்தம் இருக்கோ, அது ஏறும்."

அட, ஆமாம்! முத்துலிங்கத்துக்குத் தன் தலையில் தானே குட்டிக்கொள்ளத் தோன்றியது. சத்தத்தைக் கூட்டினான். தகரக் கூரையில் மழை. ஒரு கோழியின் கொக்கரிப்பு. இடைக்கிடை 'சர்ர்ர்' என்று எதையோ இழுக்கும் சத்தம். பாதியில் ஸ்டோர் சங்கு ஊதியது. அதற்குப் பிறகும் அதே மழை, அதே கோழி, அதே சர்ர்ர். முடிவுக்குக் கிட்டத்தில் றோலண்ட் காதை ஸ்பீக்கரோடு ஒட்டிவைத்துக்கொண்டார். திரும்ப ஓடவிட்டு இன்னொரு தடவை கேட்டார். அவர் முகம் வாடிவிட்டது.

"என்னங்க ஐயா?"

"பொறவு சொல்றேன்."

தோட்டத்தில் முதலில் கணக்கப்பிள்ளையைப் பார்த்தார்கள். கந்தப்பனும் செல்லசாமியும் பாட்டுப் பதிந்த நாளிலிருந்து ஒரு நாள்கூடத் தப்பாமல் காலைப் பெரட்டுக்கு வந்து வேலைக்குப் பேர் போட்டிருந்தார்கள். காய்ச்சல் என்று தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் படுத்தவர்களும் கிடையாது. பிறகு லயத்தில் சோலைமலையின் ஒற்றை அறைக் காம்பராவுக்குப் போனார்கள்.

அங்கே மூட்டை முடிச்சுகளுக்கு நடுவில் சோலைமலை உட்கார்ந்திருந்தார். மூட்டைகளில் கறுப்புப் பெயிண்டால் பெயர் எழுதியிருந்தது. "வாங்க சார்ஜன்," என்றார். அந்தக் குரலில் பாட்டுக்காரரைக் காணோம். "தோட்டத்துல எங்க ரெண்டு பேர் பேரையும் வெட்டிட்டாங்க. வேலையும் இல்ல, பெரட்டும் இல்ல. நான் காயிதம் கடுதாசின்னு ஹட்டனுக்கும் கண்டிக்கும் அலைஞ்சேன். இவதான் ஒத்தையா கிடந்து மூட்டை கட்டினா."

பேச்சியம்மா தேத்தண்ணி கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து சாக்கைத் தைக்க உட்கார்ந்தாள். முத்துலிங்கம் ஜன்னல் வழியாகக் கந்தப்பன் வீட்டையே முறைத்துக்கொண்டிருந்தான். றோலண்ட் தேத்தண்ணி ஆறும்வரை பேச்சியம்மாவின் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம், குழந்தைகள் போன பிறகு, பிள்ளைக்காம்பராவில் எல்லாரும் கூடினார்கள். சோலைமலையை மட்டும் கயிறு வாங்கக் கடைத்தெருவுக்கு அனுப்பியிருந்தார் றோலண்ட். கந்தப்பன் வந்ததும் வராததுமாகக் கத்தினார். "என்னைய என்ன திருடன்னு நெனச்சீங்களா? அவன் என் சிஷ்யன்யா! திட்டுவேன், அது என் பாடு. அழிப்பேனா?" செல்லசாமி மூலையில் முறைத்துக்கொண்டு நின்றான்.

றோலண்ட் கேசட்டைப் போட்டார். மழை கேட்டது.

"இது இந்தப் பிள்ளைக்காம்பரா இல்ல. இதுக்கு ஓட்டுக் கூரை. மழை இப்படித் தகரத்துல கொட்டுற மாதிரி கேக்காது. அப்ப இது லயத்துக் காம்பரா. இப்ப சங்கு ஊதுது, கேளுங்க. விடியக்காலைச் சங்குன்னா அடுத்த காம்பராவுல அடுப்பு ஊதுவாங்க, இருமுவாங்க. நம்ம லயத்துச் சுவரு கூரை வரைக்கும் போகாது, எல்லாம் கேக்கும். சாயங்காலச் சங்குன்னா ஆளுங்க வந்து சட்டி பானை உருளும். இங்க ஒண்ணுமே இல்ல. அப்ப இது காலை நிறுவைச் சங்கு. அந்த நேரம் கொழுந்து நிறுக்க எல்லாரும் மலையில. ஸ்டோர்க்காரங்க ஸ்டோர்ல. லயத்துல ஈ காக்கா இருக்காது."

"அப்ப யாருதான் இருந்தா?" என்றான் முத்துலிங்கம். கேட்ட பிறகுதான் அவனுக்கே உறைத்தது. தோட்டத்தில் வேலை நேரத்தில் காம்பராவில் இருக்கிற ஆள், பேர் வெட்டப்பட்ட ஆள்.

"அந்த 'சர்ர்ர்' சாக்கூசி நூல் இழுக்குற சத்தம். ஓட்டையில இருந்த நூலுல கறுப்புப் பெயிண்டு. சோலைமலை அலைஞ்சுக்கிட்டு இருந்தாரு. மிச்சம் ஒரே ஆளு."

எல்லார் முகமும் பேச்சியம்மா பக்கம் திரும்பியது. அவள் மறுக்கவில்லை.

"நான்தான்," என்றாள். "ராவோட ராவா மெசினோட எடுத்துட்டுப் போயி, மறுநா வச்சேன்."

மீனம்மா பாய்ந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எங்கப்பா குரலு அண்ணி அது! அவரு போயிட்டாருன்னு தெரிஞ்சுமா செஞ்ச?"

"தெரிஞ்சுதான் செஞ்சேன் மீனா. என் கையி அழுகட்டும். நான் என்ன பண்ணுவேன், சொல்லு? போன தடவை நீங்க பாடினீங்க, அவரு இறங்கிட்டாரு. நீங்க தோள்ல தூக்கிட்டு வந்தீங்க. நான் ஸ்டேஷன்ல மூட்டையோட நின்னேன். எம்மக அந்தப் பக்கம் போயிட்டா. ஒத்தையில புள்ளை பெத்தா. பேரன் மூஞ்சியக்கூட நான் பாக்கல. இந்தத் தடவை இறங்கினா பொலிஸ் வந்து புடிச்சு ஏத்தும். காம்பராவையும் வேற ஆளுக்குக் குடுத்தாச்சு. இந்தக் கேசட்ட அவரு கேட்டாருன்னா ஏறவே மாட்டாரு. ஒங்களுக்கு அவரு பாட்டுக்காரரு. எனக்கு அவரு ஒருத்தர்தானே இருக்காரு!"

செல்லசாமி தரையைப் பார்த்தான். முத்துலிங்கம் உதவிக்கு றோலண்டின் முகத்தைப் பார்த்தான். அழிந்த குரலைக் கொண்டுவர அவருக்கும் வழி தெரியாது என்பது அதில் எழுதியிருந்தது.

"இன்னும் கொஞ்சம் இருக்கு," என்றார் றோலண்ட். "சொல்லாம விட்டுறலாம்னு நெனச்சேன். ஆனா மீனம்மா கேக்கணும்."

சத்தத்தை முழுக்கக் கூட்டினார். மழைக்கு அடியில், ஊசியின் சர்ர்ர்க்கு நடுவில், யாரோ முனகுவது கேட்டது. வார்த்தை இல்லை, மெட்டு மட்டும். ஊசி நிற்கும்போது நின்றது, ஊசி ஓடும்போது மறுபடி வந்தது. ஆண்டியப்பன் பாடிய அதே பாட்டு. கேசட்டில் அது அழிந்துகொண்டிருந்த நேரத்தில், தான் பாடுகிறோம் என்று தெரியாமலே பேச்சியம்மா அதைப் பாடியிருந்தாள்.

பேச்சியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் பாடி அந்தத் தோட்டத்தில் யாரும் கேட்டதில்லை.

மீனம்மா முனகல் முடியும்வரை அசையாமல் நின்றாள். பிறகு கேசட்டை எடுத்துப் பேச்சியம்மாவின் கையில் திணித்தாள். கோபம் போகவில்லை.

"கொண்டு போ. கடல் தாண்டி அந்தப் பக்கம் போன பொறவு போட்டுக் காட்டு. நாங்க பாடினதுன்னு சொல்லாத. நீ பாடினதுன்னு சொல்லு."

மறுநாள் ஹட்டன் ஸ்டேஷனில் ஒரே அழுகுரல். ரசிகர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். சோலைமலை கோச்சியின் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எதையோ எதிர்பார்த்துப் பார்த்தார். பக்கத்தில் பேச்சியம்மா மடியில் முடிந்த கேசட்டை இறுக்கிப் பிடித்தபடி மீனம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா, ஒருத்தரும் ஒரு பாட்டுகூடப் பாடலியா?" என்றார் சோலைமலை. சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

கந்தப்பன் வாத்தியார் உதட்டைக் கடித்துக்கொண்டார். செல்லசாமி துண்டை வாயில் திணித்துக்கொண்டான். மீனம்மா தலையைக் குனிந்துகொண்டாள். தன்னை எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்று அந்த மனுஷன் நினைத்துக்கொண்டு போகிறாரே என்று முத்துலிங்கத்துக்கு நெஞ்சு வெடித்தது. ஒரு வரி எடுத்துக் கொடுத்தால் போதும், இறங்கிவிடுவார். அவன் றோலண்டின் கையைப் பிடித்துக்கொண்டான்.

விசில் ஊதியது. கோச்சி நகர்ந்தது. யாரைத் திட்டுவது, யார்மேல் பழி போடுவது என்று முத்துலிங்கம் தேடிப் பார்த்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்கு ஒரு பேரும் கிடைக்கவில்லை. கடைசிப் பெட்டி வளைவில் மறையும்வரை அவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை.