சாத்தக் கூடாத கதவு

"ஐஸ் தேவை இல்லை. இயந்திரம் ஓய்வில் உள்ளது. இன்றைய மிச்சம் நூறு சதவீதம்."

செவுத்துல மாட்டுன மிச்சம்புடிப் பொட்டி இப்படி இனிப்பான குரல்ல சொல்லிக்கிட்டே இருந்துச்சு. வெளிய மழை ஊத்திக்கிட்டு இருக்கு. கருவாட்டு ரூம்புக்குள்ள கூரை மட்டத்துக்குத் தட்டி அடுக்கி, தட்டி நெறைய உப்புப் போட்ட வாளை மீனு கெடக்கு. தவசி ஒண்ணத் தொட்டுப் பாத்தான். நேத்து இருந்த அதே சொதசொதப்பு. சூட்டுக் குழாயில கைய வச்சான். செவுரு மாதிரி சில்லுன்னு இருந்துச்சு.

புயல் கூண்டு ஏத்துனதும் கடல்ல இருந்த போட்டெல்லாம் ஒண்ணாக் கரைக்கு வந்துருச்சு. மீனு மலையாக் குவிஞ்சு வாங்க ஆளில்லாம கெடந்துச்சு. ஜெபக்கனி அக்கா, அதான் தவசியோட முதலாளி, மொத்தத்தையும் வாங்கிப் போட்டுருச்சு. மழைக் காலத்துலயும் அசராம கருவாடு போடுறது அந்தத் தெருவுலயே அது ஒண்ணுதான். அதுக்கு அடுப்பு வேணாம், வெயிலு வேணாம், கரண்டும் வேணாம். பக்கத்துல கஸ்பார் அண்ணனோட ஐஸ் பிளாண்ட் ஓடுனாப் போதும்.

அது எப்படின்னு தவசி வேலைக்குச் சேந்த புதுசுல கஸ்பார் அண்ணன்தான் வெளக்குனாரு. ஐஸ் பிளாண்ட் குளிர உண்டாக்குறதே இல்லையாம். தண்ணிக்குள்ள இருக்குற சூட்ட உருவி வெளிய தள்ளுதாம். அந்தக் காலத்துல அந்தச் சூடு சும்மா காத்தோட போயிருக்கு. கரண்ட மிச்சம் புடிக்கன்னு அரசாங்கத் திட்டம் வந்ததும், சூடேந்தி உப்புன்னு ஒண்ணக் கண்டுபுடிச்சு, அதக் குழாயில அடைச்சு, பிளாண்ட்டுக்கும் கருவாட்டு ரூம்புக்கும் நடுவுல பதிச்சாங்க. இந்தப் பக்கம் தள்ளுற சூட்ட உப்பு குடிச்சுக்கும், அந்தப் பக்கம் காத்து பட்டா கக்கிரும். அக்கா அன்னைக்கே கரண்டு மீட்டரைக் கழட்டிக் குடுத்துருச்சு. அதிகாரிங்க வந்து சால்வ போட்டு போட்டோ எடுத்தாங்க. அந்தப் போட்டோ இன்னும் கல்லாவுக்கு மேல தொங்குது. அதுல அக்கா மட்டும் சிரிக்கல, மத்த எல்லாரும் சிரிக்கிறாங்க.

அப்புறம் திட்டத்தோட ரெண்டாங்கட்டம்னு கடைக்குக் கடை ஒரு பொட்டிய மாட்டுனாங்க. சர்க்காருல அதுக்கு ஒரு முழ நீளத்துக்குப் பேரு உண்டு, சனம் வச்ச பேரு மிச்சம்புடி. எந்த மிஷினையும் வேணும்னாத்தான் ஓடவிடும், வேணாம்னா நிறுத்திரும். தவசிக்கு அத நல்லாவே தெரியும். தேனியில டீக்கடையில பாய்லர் பக்கத்துல நின்னான். யாராச்சும் கேட்டாத்தான் தண்ணி கொதிக்கணும்னு அது கண்டுபுடிச்சுது, அவன் நின்ன எடம் காலி. மதுரையில பேக்கரிக்குப் போனான். மூணு பேக்கரிக்கு ஒரே அடுப்பு போதும்னு கண்டுபுடிச்சுது, அங்கயும் காலி. கடலோரத்துல அந்தப் பொட்டியோட கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்கும்னு நெனச்சுத்தான் தூத்துக்குடிக்கே வந்தான். அது அவனுக்கு முன்னாடியே பஸ் ஏறி வந்து உக்காந்திருந்துச்சு.

இப்ப போட்டெல்லாம் கட்டிக் கெடக்கு. ஐஸ் கேக்க ஆளில்ல. அதனால பிளாண்ட் ஓடாது. பிளாண்ட் ஓடலேன்னா சூடு வராது. மழையில வெயிலும் இல்ல. மீனு மட்டும் இருக்கு.

அக்கா குடையப் புடிச்சுக்கிட்டு ஐஸ் பிளாண்ட்டுக்குப் போச்சு, பின்னாடியே தவசியும் போனான். கஸ்பார் அண்ணன் பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து மழைய வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்தாரு. பிளாண்ட் அவரோடதுதான், ஆனா சுவிட்ச்ச அவரு தொட்டே ரொம்ப நாளாச்சு. அக்கா கேட்டதுக்காக ஒரு பொய் ஆர்டர் போட்டுப் பாத்தாரு, எரநூறு பார் ஐஸ்கட்டி வேணும்னு. மிச்சம்புடி ஒரு நொடி யோசிச்சுட்டு, துறைமுகத்துல எல்லாப் படகும் கட்டியிருக்கு, இந்த ஆர்டர் எந்தப் படகுக்குன்னு மரியாதையாக் கேட்டுச்சு. அண்ணன் கல்யாண வீட்டுக்குன்னாரு. எந்த மண்டபம்னு அது கேட்டுச்சு. அண்ணன் ஆர்டர ரத்து பண்ணிட்டாரு.

"சொந்தக் கம்பெனியில ஒரு பொய் சொல்ல வழியில்ல பாத்துக்க"ன்னாரு அக்காகிட்ட. "பொண்டாட்டிகூட இம்புட்டு கேள்வி கேக்க மாட்டா."

அக்கா சிரிக்கல. மழை விடாம இருந்தா நாளைக்கு நாத்தம் ஏறும், அதுக்கடுத்து புழு வச்சிரும்னு அதுக்குத் தெரியும். திரும்பி நடக்கும்போது தவசிகிட்ட ஒளிவு மறைவில்லாமச் சொல்லிருச்சு.

"ஏல தவசி, இந்தத் தட்டி போச்சுன்னா நான் கடைய மூடிருவேன். ஒனக்குப் பொய்யா நம்பிக்க குடுக்க எனக்கு மனசில்ல. ஊருல வேற வேல கீல பாத்து வச்சுக்க."

ஊருல என்ன வேல இருக்கு. போடிக்குத் திரும்பிப் போயி அம்மா மூஞ்சில எப்படி முழிக்கிறது. இது மூணாவது தடவ. ஒவ்வொரு தடவையும் "அங்க பொட்டி மாட்டிட்டாங்கம்மா"ன்னு சொன்னா, கேக்குறவங்களுக்கு ஏதோ இவன்தான் திருடிட்டு ஓடி வர்ற மாதிரி இருக்காதா.

மத்தியானம் திட்ட அலுவலர் சுகிர்தா மேடமே நேர்ல வந்தாங்க. அக்கா புகார் மேல புகாராப் போட்டதுல வந்தவங்க. தங்கமான மனுஷிதான், ரெயின்கோட்ட வாசல்லயே கழட்டி உதறிட்டு, மீன் நாத்தத்துக்கு மூக்கச் சுளிக்காம ஸ்டூல்ல உக்காந்தாங்க. அக்கா, ஒரே ஒரு ஹீட்டர் போட அனுமதி குடுங்கன்னு கேட்டுச்சு. மேடம் கையில இருந்த தொடுதிரைப் பலகையத் தட்டித் தட்டிப் பாத்தாங்க. மொகம் சுருங்கிருச்சு.

"ஒங்க கரண்டு செலவு சைபர்லயே இருக்கும்மா. ஹீட்டர் போட்டா எத்தன மடங்கு கூடுதுன்னு இது பாக்கும். சைபர்லருந்து எம்புட்டுக் கூடுனாலும் அதுக்குக் கணக்குச் சொல்லத் தெரியல. அதான் முடியாதுங்குது."

"அப்ப நான் முன்னாடியே கொஞ்சம் வீணாக்கியிருக்கணும், என்ன?"

"இருந்திருந்தா ஒதவி பண்ணியிருக்கலாம்"னாங்க மேடம். கேலியெல்லாம் இல்ல, நெஜமாவே வருத்தப்பட்டுத்தான் சொன்னாங்க. "திட்டமே வீணாக்குறவங்களுக்குத்தானம்மா. நீங்க திருந்தி முடிச்சவங்க பட்டியல்ல இருக்கீங்க."

அக்கா எந்திரிச்சுருச்சு. மேடத்துக்கு டீ வாங்கியாரச் சொல்லிட்டு உள்ள போயி, தட்டிகளுக்கு நடுவுல நின்னுக்கிட்டு ஓலை விசிறியால மீனுக்கு விசிறிவிட்டுச்சு. ஒரு ரூம்பு நெறைய மீனுக்கு ஒத்த விசிறி. தவசிக்கு அதப் பாக்க முடியல.

மேடம் கெளம்புனதும் அக்கா, மேல் தட்டி மீனையாவது ஐஸுல பொதச்சு வைப்போம், கொஞ்சம் தாங்கும்னு சொல்லி அவன ஐஸ் எடுக்க அனுப்புச்சு. பிளாண்ட்டுல பழைய ஐஸ் பாரெல்லாம் ஒரு குளிர் ரூம்புல அடுக்கியிருக்கும். அந்த ரூம்புக் கதவு தெருவப் பாத்து இருக்கும், மரக்கதவு, ஆள் கையால இழுத்துச் சாத்தணும். தோள்ல ஐஸ் செமக்குறவங்க நசுங்கிரக் கூடாதுன்னு அந்த ஒரு கதவ மட்டும் மிச்சம்புடிகிட்ட குடுக்காம விட்டிருந்தாங்க.

தவசியோட வயசுக்காரனுங்களுக்குக் கதவச் சாத்துற பழக்கமே கெடையாது. அவன் தங்குன விடுதி, ஏறுன பஸ்ஸு, வேல பாத்த கடை, எல்லா எடத்துலயும் கதவு தானாச் சாத்திக்கும். வந்ததுலருந்து கஸ்பார் அண்ணன் அவனப் பாக்குறப்பல்லாம் "கதவச் சாத்துல"ம்பாரு. அது கிட்டத்தட்ட அவனுக்கு இன்னொரு பேரு மாதிரி. அன்னைக்கும் ரெண்டு கூடை ஐஸத் தூக்கிட்டு, குதிங்காலால கதவ ஒரு எத்து எத்திட்டு வந்துட்டான். அது பாதி வந்து நின்னு, திரும்பவும் மெதுவாத் தொறந்துக்கிச்சு.

கொஞ்ச நேரத்துல செவுத்துக்கு அந்தப் பக்கம் கொர்ருன்னு ஒரு சத்தம். அக்கா விசிறிய நிறுத்திருச்சு. ஐஸ் பிளாண்ட் ஓடுது. தவசி ஓடிப்போயி குழாயில கைய வச்சான். வெதுவெதுன்னு இருந்துச்சு, அப்புறம் கை வைக்க முடியல. உப்பு சூட்டக் கக்க ஆரம்பிச்சுருச்சு. மீன்லருந்து ஈர வாட ஆவியாக் கெளம்புச்சு.

ரெண்டு பேரும் தெருவுக்கு வந்து பாத்தா, மரக்கதவு வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது. ஈரக்காத்து உள்ள போகுது, குளிரு தெருவுல பொகையா ஊத்துது. புது ஐஸ் செய்ய மாட்டேன்னு சொன்ன மிச்சம்புடி, இருக்குற ஐஸு உருகிரக் கூடாதேன்னு பதறிப்போயி மொத்த மிஷினையும் முடுக்கி விட்டிருந்துச்சு.

வழக்கம்போல கஸ்பார் அண்ணன் "கதவச் சாத்து"ன்னு கத்திக்கிட்டே எந்திரிச்சு வந்தாரு. அக்கா அவரு கையப் புடிச்சு நிறுத்துச்சு. கூட்டிட்டுப் போயி குழாயத் தொட வச்சுச்சு. அண்ணன் தொட்டாரு, மோந்தாரு. போயி ஒரு மீன் பொட்டியத் தூக்கியாந்து, கதவு சாத்திக்காம இருக்க முட்டுக் குடுத்தாரு.

"கடவுள் மன்னிக்கணும்"னாரு.

புயல் போற வரைக்கும் அந்தக் கதவு சாத்தல. கருவாடு சலசலன்னு காஞ்சு வந்துச்சு. தட்டிய எறக்குறப்ப அக்கா மொதத் தடவையா தவசி முதுகுல தட்டிக் குடுத்துச்சு.

அதோட முடிஞ்சுதுன்னுதான் நெனச்சாங்க. வெயிலு வந்துச்சு. கஸ்பார் அண்ணன் மீன் பொட்டிய எடுத்துட்டுக் கதவச் சாத்தப் போனாரு. அப்பத்தான் சுகிர்தா மேடம் கையில கேடயத்தோட வந்து எறங்குனாங்க.

வீணாப் போற சூட்ட எந்தத் தெரு அதிகமாப் புடிக்குதோ அந்தத் தெருவுக்குத்தான் மதிப்பெண்ணாம், புடிச்ச சூடும் மிச்சக் கணக்குலதான் ஏறுதாம். மாநிலத்துலயே இந்தத் தெரு மொதல்ல வந்துருச்சாம். எவ்வளவு புடிச்சீங்கன்னு அந்தப் பலகையில கேக்குது. ஏன் அவ்வளவு வீணாச்சுன்னு கேக்க அதுல எடமே இல்ல. மறுபடியும் சால்வ போட்டாங்க, போட்டோ எடுத்தாங்க. இந்தத் தடவ போட்டோவுல யாருமே சரியாச் சிரிக்கல.

கஸ்பார் அண்ணன் தயங்கித் தயங்கி, மேடம், அது கதவு தொறந்து கெடந்ததால வந்தது, இனிமே சாத்திரலாம்னு இருக்கோம்னு உண்மையச் சொல்லிப் பாத்தாரு. மேடம் பலகையப் பாத்தாங்க, அவரப் பாத்தாங்க.

"அடுத்த மாச இலக்கு இப்பப் புடிச்சதுக்கு மேல வச்சாச்சு அண்ணாச்சி. கொறஞ்சா திட்டம் ஒங்க கரண்டு ஒதுக்கீட்ட வெட்டும், அக்காவோட குழாயையும் புடுங்கிரும். நான் எழுதிப் போடுறேன். அது வரைக்கும் சாத்தாதீங்க."

எழுதிப் போட்டதுக்குப் பதில் வந்துச்சு. கதவுக்குன்னு தனியா ஒரு ஆள் போட்டுக்கலாம், சம்பளம் திட்டமே குடுக்கும்னு அனுமதி. வேலைக்குப் பேரும் வச்சிருந்தாங்க, வெப்ப வரவு உதவியாளர். தவசியத்தான் போட்டாங்க. இந்த வேலைய எந்தப் பொட்டியும் புடுங்காது, ஏன்னா பொட்டி போட்டுக் குடுத்த வேலையே இதுதான். காத்துல கதவு சாத்திக்கிட்டா மிச்சம்புடி அதே இனிப்பான குரல்ல, "கதவைத் திறக்கவும், மிச்சம் குறைகிறது"ன்னு சொல்லும். அவன் தொறப்பான்.

போட்டெல்லாம் கடலுக்குப் போக ஆரம்பிச்சுது. ஐஸ் பாரு அரைகுறையா உருகி, கொழகொழன்னு போச்சு. அது நடுக்கடல் வரைக்கும் தாங்கல. மீனு பாதி கெட்டுக் கரைக்கு வந்துச்சு. வந்த மீன யாரும் கறிக்கு வாங்கல, எல்லாம் நேரா கருவாட்டுக்கு வந்துச்சு. அக்காவால வேணாம்னு சொல்லவும் முடியல, கண்ணு முன்னாடி அழுகுறத எப்படி விடுறது. தட்டி பத்தல, புது ரூம்பு போட்டுச்சு. புது ரூம்புக்கு இன்னும் சூடு வேணும். கதவு இன்னும் அகலமாத் தொறக்கணும்னு கீல மாத்துனாங்க. ஐஸ் இன்னும் உருகுச்சு. மீன் இன்னும் கெட்டுச்சு. மிச்சம் மட்டும் மாசத்துக்கு மாசம் ஏறிக்கிட்டே போச்சு.

போட்டுக்காரங்க ஐஸ் செமக்க வரும்போதெல்லாம் தவசியத் திட்டுவாங்க. ஒரு நா ஒருத்தரு, வயசானவரு, திட்டக்கூட இல்ல. கூடையில தண்ணியா ஒழுகுற ஐஸக் காட்டி, "எய்யா, ஒரு ரெண்டு நா சாத்தி வையேன், பிள்ளையளுக்கு நல்ல மீனு புடிச்சாந்து திங்கக் குடுக்கணும்"னு கெஞ்சுனாரு. தவசி தலையக் குனிஞ்சுக்கிட்டான். சாத்துனா அக்காவோட ரூம்பு போச்சு, கஸ்பார் அண்ணன் கரண்டு போச்சு, அவனும் போனான். முதுகாலயே கதவ இன்னும் கொஞ்சம் தள்ளிப் புடிச்சான்.

அப்பத்தான் அம்மா போன் பண்ணுச்சு. முதுகுப் பக்கம் குளிருல வெறைக்குது, மூஞ்சிப் பக்கம் வெயிலுல வேர்த்து ஊத்துது, அந்த நெலையிலயே எடுத்துப் பேசுனான். சாப்டியா, வேல நெலையா இருக்கான்னு அம்மா கேட்டுச்சு. இனிமே போகாதும்மா, சர்க்காரு சம்பளம்னு சொன்னான். அம்மா சந்தோசத்துல அத இன்னொரு தடவ சொல்லச் சொல்லிக் கேட்டுச்சு. அப்புறந்தான் பின்னாடி கேக்குற இரைச்சல் என்னன்னு கேட்டுச்சு.

"ஐஸ் ரூம்பும்மா. கதவு தொறந்திருக்கு."

"ஏம்ப்பா, சாத்துப்பா. கரண்டு எம்புட்டு வீணாப் போகும்."

தவசி தெருவப் பாத்தான். குளிர்ப் பொகை, போட்டெல்லாம் நிக்குற எடம் வரைக்கும் தவழ்ந்து போயிக்கிட்டு இருந்துச்சு.

"சாத்துனாத்தாம்மா வீணு"ன்னான்.