குலவை அறுந்த பாட்டு

ஸ்டிக்கரை உரித்தேன். கூடவே வெள்ளிப்பூச்சும் உரிந்து என் நகத்தோடு வந்தது.

சிடியின் பளபளக்கும் அடிப்பக்கத்தைப் பச்சைக் குழந்தை போல ஏந்தியிருந்தேன். உயிர் மேல்பக்கப் பூச்சில்தான் இருக்கிறது என்பது, அலெக்சாண்ட்ரியாவில் பாட்டுப் பிரதி எடுத்தே பிழைக்கிற எனக்கு மறந்துபோயிற்று. கோணலாய் ஒட்டிய அந்த ரோஜா ஸ்டிக்கர் சுழலும்போது சிடியை ஆட்டும் என்று, அந்தக் கண்களுக்கு முன்னால் கெட்டிக்காரத்தனம் காட்டப் போனதன் பலன்!

அந்தக் கண்கள்... இந்தச் சிடியைப் பிரதி எடுக்க மழையோடு கடைக்குள் வந்த தஹானியின் கண்கள். இமைகளில் இன்னும் துளிகள்.

“என்ன இன்ஜினியரே, என்ன ஆச்சு?”

கம்ப்யூட்டரைத் தொட்டவனெல்லாம் எங்கள் ஊரில் இன்ஜினியர்.

“ஓரத்துல கொஞ்சம்... பூச்சு போயிடுச்சு.”

தூக்கிப் பிடித்தேன். ஓட்டை வழியே விளக்கு தெரிந்தது. அவள் கிட்டே வந்தாள்.

“ஓரத்துல எந்தப் பாட்டு இருக்கும்?”

“உள்ளேயிருந்து வெளியே ஓடும்... ஓரத்துல கடைசிப் பாட்டு.”

“அது எங்க அம்மா பாடினது. அவங்க போனப்புறம் எங்களுக்கு மிச்சம் அந்தக் குரல்தான். நாளைக்கு மருதாணி வைக்கிறப்போ போடணும்.”

மருதாணியா! எனக்குள் இரண்டாவது பயம் எட்டிப் பார்த்தது.

“கல்யாணம்... உங்களுக்கா?”

“தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க?”

எத்தனை முறை கடைக்கு வந்தாலும் கேள்விக்குக் கேள்வியையே பதிலாகத் தருகிற பெண்!

ஆக மெதுவான வேகத்தில் சிடியை ஓடவிட்டேன். ஒவ்வொரு பாட்டாக கம்ப்யூட்டருக்குள் இறங்கியது. கடைசிப் பாட்டில் இயந்திரம் திணறியது. கறக்... கறக்... நின்றது. மறுபடி சுழன்றது. தெரிந்த அவுலியா மகான்களையெல்லாம் கூப்பிட்டேன். தொழாதவன் குரல் என்று ஒருவரும் திரும்பவில்லை போலும். தஹானி மேசை விளிம்பை இறுகப் பற்றியிருந்தாள். விரல்கள் வெளுத்திருந்தன.

ஒருவழியாக முடிந்தது. போட்டுக் காட்டினேன். கரகரப்பான, பாசமான குரல்... பாட்டு முழுசாக வந்தது. பிறகு சட்டென்று மௌனம்.

“இங்கே அம்மா குலவை போடுவாங்க...” என்றாள்.

அவளைப் பார்க்கத் துணியவில்லை. “திட்டிடுங்க. இல்ல, அந்த நாற்காலியால ஒண்ணு போடுங்க. பழைய நாற்காலிதான்.”

“மைக் இருக்கா?”

ரெக்கார்டிங்கை ஓடவிட்டு நீட்டினேன். ஈரக் கண்களை மூடினாள். அறுந்த இடத்திலிருந்து குலவை எழுந்தது... அம்மாவின் அதே கரகரப்பு! கண்ணாடிக் கதவைத் தாண்டி, மழையைத் தாண்டி, தெரு முழுக்கக் கேட்டது.

எதிர் காப்பிக்கடையிலிருந்து பயூமி கத்தினான்: “டேய் வஜீஹ்! நிச்சயதார்த்தமா? சொல்லவே இல்ல! சர்பத் எங்கடா?”

என் காது சுட்டது. இன்றைக்கு இதற்கு மேல் உடைக்க என்ன இருக்கிறது என்று துணிந்து அவள் பக்கம் திரும்பினேன்.

“அவனுக்கு... நான் என்ன சொல்லட்டும்?”

இந்த முறை கேள்வி திரும்பி வரவில்லை. ரெக்கார்டிங் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மைக்கை வைக்காமலே சொன்னாள்:

“கல்யாணம் அக்காவுக்கு. அது முடிஞ்சதும் எங்க அப்பாகிட்ட வந்து கேளுங்க. நான் சரின்னுதான் சொல்வேன்.”