வடக்கு மதிலின் கண்ணாடி

தம்பி கடைசியாகச் செய்த காரியம், சுண்ணாம்புக் கையை அண்ணனின் சட்டையில் துடைத்ததுதான்.

"இன்ஜினியர் சட்டைன்னா வெள்ளையாத்தானே இருக்கணும்?" என்று சிரித்துக்கொண்டே சாரத்தில் ஏறினான்.

கோட்டையின் வடக்கு மதிலில் பெரிய வெடிப்பு. அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, இரு முனைகளையும் சுண்ணாம்பால் ஒட்டி, தேதி எழுதியிருந்தான். மதில் அசைந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் யாரும் அருகே போகக் கூடாது.

அது உடைந்திருந்ததை அன்று காலை முதலில் வந்த அண்ணன் மட்டுமே பார்த்தார். பழுதுபார்த்த கோட்டையை மறுநாள் மக்களுக்குத் திறந்தாக வேண்டும். புதுத் துண்டை ஒட்டி, தம்பியின் எழுத்தைப் போலவே பழைய தேதியைப் போட்டுவிட்டார். பத்து மணிக்கு மதில் தம்பியின் மேல் சரிந்தது.

பதினாறாம் நாள் பிற்பகல், அலுவலக அறையில் அறிக்கை எழுத உட்கார்ந்தார். ஈரச் சுண்ணாம்பு வாடை வீசியது. மின்விசிறியின் முனகலையும் வெளியே தார்ப்பாய் படபடப்பதையும் தாண்டி, கரணையால் யாரோ நிதானமாக வழித்துப் பூசும் சத்தம் அலமாரிக்குப் பின்னாலிருந்து கிளம்பி, சுவர் வழியே அவரை நோக்கி ஊர்ந்து வந்தது.

'கண்ணாடி உடையவில்லை. விபத்துக்குக் காரணம் கொத்தனாரின் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

டிக்.

நிமிர்ந்தார். வெடிப்பே இல்லாத சுவரில் ஒரு கண்ணாடித் துண்டு, நடுவில் உடைந்து. அதன் அடியில் இப்போதுதான் வெடிப்பு விட்டுக்கொண்டிருந்தது. ஜன்னல் சட்டத்தில் இன்னொன்று. மேசை விளிம்பில் இன்னொன்று. எல்லாவற்றிலும் இன்றைய தேதி.

கதவு திறந்தது. தம்பி மனைவி.

"மாமா, எல்லாம் அவர் அஜாக்கிரதைதானாமே? கண்ணாடியைப் பாக்காம காலையில டீகூட குடிக்க மாட்டாரே அந்த மனுஷன்! நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புறேன்."

நடந்ததைச் சொல்லிவிடலாம். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார்.

உதட்டின் மேல் ஏதோ சில்லென்று படிந்தது. வழவழப்பாக. மூக்கின் கீழிருந்து முகவாய் வரை. இரு முனையிலும் ஈரச் சுண்ணாம்பு. இறுகியது.

காதருகே மூச்சு. "அசையாதண்ணா. உடையலன்னு நீதானே எழுதியிருக்க?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். ஓரடி பின்வாங்கினாள். அவர் வாயின் மேலிருந்த தேதியை உற்றுப் பார்த்து, மெல்லச் சொன்னாள்:

"இது அவர் எழுத்தாச்சே."

சுண்ணாம்பு வெளுத்துக் காய்ந்துகொண்டிருந்தது. மேசையில், தம்பியின் பேருக்கு எதிரே, 'கவனக்குறைவு' அப்படியே இருந்தது.