செம்பியன் பிடி

மதியத்திலிருந்தே மழை தகரக் கூரையை விடாமல் அறைந்துகொண்டிருந்தது. கடலூருக்கு வெளியே இருந்த அந்தத் தொழிற்சாலையின் மாடிக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்த ஜெயராணிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. விமான இறக்கையில் போடும் ஒவ்வொரு துளையையும் கண்காணிக்கும் மென்பொருள், துளையிடுபவர் பெயரை ‘செம்பியன்’ என்று காட்டியது.

செம்பியன் போன மாதம் செத்துப்போனவர். புவனகிரி சாலையில், லாரிக்கு அடியில்.

துளைக் கருவியை ஆள்தான் தூக்கிவைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு அது தானாக இறங்கும். பிடிக்கிற கை மாறினால் மோட்டாரின் அதிர்வும் மாறும். அந்த மாற்றத்தை வைத்து ஆளை அடையாளம் காண மென்பொருளைப் பழக்கியவளே ஜெயராணிதான். அது ஒருமுறைகூடத் தவறியதில்லை.

இப்போது கருவி இருப்பது புதிதாகச் சேர்ந்த அருண்குமாரிடம். வாக்கிடாக்கியை எடுத்தாள்.

“அருண், மெஷின யாரு புடிச்சிருக்கா?”

“நான்தாங்க்கா.” அவனுக்கு மூச்சு வாங்கியது. “ஆனா கூட யாரோ அமுக்குற மாதிரி இருக்குது. வெயிட்டு ஜாஸ்தியாயிட்டே போவுது.”

“அப்படியே வுட்டுட்டு வெளிய வா.”

வாக்கிடாக்கியில் துளையிடும் இரைச்சல் மட்டும்.

இறங்கி ஓடினாள். எண்ணெய் வாடையும் சூடேறிய அலுமினிய வாடையும் கலந்து கிடந்த அந்த நீண்ட கூடத்தில், இறக்கையை நெருங்க நெருங்க, செம்பியன் எப்போதும் வாயில் அடக்கிவைத்திருக்கும் கிராம்பின் வாசனை மெல்ல எழுந்து மூக்கில் ஏறியது.

அருண்குமார் முதுகைக் காட்டி நின்றான்.

“கைய எடுக்க முடியலக்கா.”

கருவியை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடித்தாள். நிற்கவில்லை. மின்கம்பியைப் பிடுங்கி எறிந்தாள்.

சுற்றியது. இன்னும் சுற்றியது.

அப்போதுதான் அவன் கையைப் பார்த்தாள். ரப்பர் கையுறையின் மேல், அவன் விரல்களுக்குக் குறுக்கே, நாலு பள்ளங்கள். அகலமான விரல்கள் அழுத்துகிற பள்ளங்கள்.

மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். பள்ளங்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. கை விடுபட்டது. அருண்குமார் அலறிக்கொண்டு ஓடினான்.

யாரும் பிடிக்காத கருவி இறக்கையில் நின்றபடி சுற்றியது.

அவளும் ஓடத் திரும்பினாள். முடியவில்லை. வலது கையின் மேல் ஏதோ சில்லென்று பட்டது. தோல் நாலு இடத்தில் அமுங்கியது.

மெதுவாக, புதிதாக வந்தவளுக்கு வேலை பழக்குவதைப்போல, அது அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் கைப்பிடியின் மேல் வைத்தது.