ஆவி அளக்க வந்தவர்

தோவாளைக் குளத்தங்கரைக்கு ஆவி அளக்க ஒருவர் வந்திருக்கிறார் என்றதும் பாதித் தெரு வாசலில் வேப்பிலை சொருகிவிட்டது. வந்தவர் மந்திரவாதி அல்ல. மராமத்து இலாகா பொன்னுலிங்கம். வட்டத் தகரத் தொட்டியில் நல்ல தண்ணீர் ஊற்றி, வெயிலும் காற்றும் தினம் எவ்வளவு குடிக்கின்றன என்று அளப்பார். குளத்து நீர் எத்தனை நாள் தாங்கும் என்பது அதிலிருந்து தெரியும். மாசியில் அறுக்கும் கும்பப்பூ நெல்லுக்குக் கடைசித் தண்ணீர் உண்டா, இல்லையா என்பதும்தான்.

ஒரு மார்கழி வெள்ளி. தொட்டி மேல் குனிந்திருந்த பூக்காரி நாகம்மை திடுக்கிட்டாள். தண்ணீருக்குள் அவள் முகத்தருகே இன்னொரு முகம். நான்கு கண்கள் ஒரு கணம் முட்டிக்கொண்டு... கலைந்தன. கைச்செம்பு பிச்சிப்பூக் கூடைக்குள் ஒளிந்தது.

"ஏ பிள்ளே, உங்க எருமை இதுல வாய் வைக்கா?"

"எங்க எருமைக்கு ஆவின்னா பயம் சாரே."

அவர் உதடு சிரிக்கவில்லை, கண் சிரித்தது. பெயரைக் கேட்டார். அவளும், கேட்காததெல்லாம் சேர்த்துச் சொன்னாள், செம்பைத் தவிர.

குளத்து நீர் கலங்கல். தெளித்தால் பூவில் கறை படியும். சந்தைக்குப் போகும் செவ்வாய், வெள்ளியில் மட்டும் ரெண்டு செம்பு... யாருக்குத் தெரியும்? அவர் தொட்டியைச் சுற்றி முள் வைத்தார். முள்ளுக்குள்ளும் கை போயிற்று. அளவு பொருந்தாமல் குழம்பிப் போய் அவர் தொட்டியடியிலேயே நிற்க, இவள் பூக்கட்டும் சாக்கில் நிற்க...

தை பாதியில் அப்பா சிவதாணு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"குளத்துல பாதிய ஆவி குடிச்சிரும்னு கணக்காம். கடைமடைக்கு இனி தண்ணி கெடையாதுன்னு எழுதியாச்சாம்."

அவர்கள் வயலே கடைமடைதான். நாகம்மை அகப்பையைச் சட்டியிலேயே விட்டாள். குடித்தது ஆவியா, செம்பா? சொன்னால் திருடி. சொல்லாவிட்டால் கதிரெல்லாம் பதர். அதைவிடப் பயம்... அந்தக் கண்கள் இனி எப்படிப் பார்க்கும்?

மறுநாள் காலையில் திருவனந்தபுரத்துக்கான அறிக்கையோடு பொன்னுலிங்கம் பஸ்ஸுக்கு நின்றார். சாயாக்கடை பெஞ்சில் நாலைந்து காதுகள் நீண்டன.

"சாரே... எருமை இல்ல. நான்தான். பூவுக்கு ரெண்டு செம்பு..."

அவர் வரைபடத்தை விரித்தார். காற்று, வெயில், ஈரம் மூன்றையும் கணக்கிட்டு இழுத்த கோட்டை ஒட்டியே தினசரி அளவின் புள்ளிகள் கிடந்தன. ஒரு பன்னிரண்டு மட்டும் உயரே, தனியே.

"காத்துக் கணக்குதான் பெசகுன்னுல்லா நெனச்சேன். எல்லாம் செவ்வாயும் வெள்ளியும்." விரல் மெல்ல நகர்ந்தது. "மொதல்ல ரெண்டு செம்பு, சரி. பெறகு நாலு... அஞ்சு. பூ கூடிச்சா?"

நாகம்மை கூடைக் கயிற்றை முறுக்கினாள்.

"பூ அதே அளவுதான் சாரே." கயிற்றை விட்டாள். "தண்ணி கூடக் கொறஞ்சா... நீங்க கூடக் கொஞ்ச நேரம் நிப்பியல்லா."

பஸ் வந்தது, ஹாரன் அடித்தது, போயிற்று. அவர் ஏறவில்லை. பன்னிரண்டு புள்ளிகளையும் பென்சிலால் ஒவ்வொன்றாக வட்டமிட்டார்.

"இதுகள எடுத்துட்டா ஆவிக் கணக்கு கொறையும். உங்க வயலுக்கு ஒரு நனைப்புக்குத் தண்ணி உண்டு."

"அழிச்சிருங்கோ சாரே..."

"கணக்குலேருந்து எடுக்கேன்." பென்சிலைக் காதில் செருகினார். "ஆனா அந்தச் செவ்வாயும் வெள்ளியும்... எனக்கு வேணும் நாகம்மை."