மணியம்மை கோத்த வளையங்கள்

திருத்தணி ஸ்டேஷனில் பச்சையப்பன் இறங்கியபோது மதியம் இரண்டு மணி. எண்பது வயதில் அவர் தனியாகக் கிளம்பி வந்ததற்கு ஒரு போன்தான் காரணம். மணியம்மை இறந்துவிட்டாள் என்று அவளுடைய தம்பி மகள் பிரேமா சொல்லியிருந்தாள்.

மலையடிவாரத் தெருவில் பழைய ஓட்டு வீடு. உள்ளே பகலிலும் இருட்டு. ஈரச்சுவரின் வாடையோடு லேசாக வார்னிஷ் நெடி.

"உங்களுக்குத்தான் குடுக்கணும்னு அத்தை சொல்லிட்டுப் போனாங்க சார்." பிரேமா கம்பியில் பொடி வளையங்கள் கோத்த ஒரு சிறிய சட்டத்தை மேசைமேல் வைத்தாள்.

பார்த்ததும் அது என்னவென்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஐம்பது வருடங்களுக்கு முன்பு, சென்னைத் தொழிற்சாலை ஒன்றில், கம்ப்யூட்டருக்கு நினைவகம் இப்படித்தான் செய்தார்கள். கடுகைவிடச் சிறிய காந்த வளையங்களுக்குள் தலைமுடி போன்ற கம்பியைப் பெண்கள் கையால் கோப்பார்கள். அவர் சூப்பர்வைசர். அவர் கொடுத்த வரைபடத்தில் பிழை, மெஷின் ஓடவில்லை. 'கோத்தவளின் கவனக்குறைவு' என்று ரிப்போர்ட் எழுதிவிட்டார். மணியம்மைக்கு வேலை போனது. ஏற்கெனவே கெட்டிருந்த கண்களுக்கு வைத்தியம் பார்க்க வழியில்லாமல் பார்வையும் போனது.

"கண்ணு தெரியாமயே கோத்துகினு இருந்தாங்க சார்." பிரேமாவின் குரல் தாழ்ந்தது. "செத்து இருவது நாளாச்சி. இன்னும்…"

கிணுக்.

சட்டத்தில் ஒரு வளையம் நகர்ந்தது.

கம்பி தானாக அதற்குள் நுழைந்தது.

பச்சையப்பன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "தப்பு என்னுது மணியம்மை. படத்த தப்பா போட்டது நான்தான்."

பிரேமா அவரையே பார்த்தாள். "இத அவங்க உயிரோட இருக்கசொல்ல வந்து சொல்லியிருக்கலாமே சார்?" நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நீட்டினாள். "எழுதிக் குடுங்க. அவங்க போட்டோ முன்னாடி வெக்கறேன்."

எழுதினார். உரக்கப் படித்துக் காட்டினார். வளையங்களின் சத்தம் நின்றது. பிரேமா தாளை வாங்கினாள்.

தாள் வெறுமையாக இருந்தது.

"அந்த நினைவகமும் இப்படித்தான்மா," அவர் கிசுகிசுத்தார். "படிச்சா அழிஞ்சிடும். படிச்ச உடனே மறுபடியும் எழுதி வெக்கணும்."

பிரேமா பேனாவை அவர் பக்கம் தள்ளினாள்.

"அப்ப எழுதுங்க."

அவர் ஊர் திரும்பவில்லை. ஸ்டேஷன் பக்கத்தில் லாட்ஜ் எடுத்துத் தங்கினார். தினமும் மதியம் வந்து எழுதினார், படித்தார். தினமும் தாள் வெளுத்தது.

பத்தாம் நாள், அவர் பேனாவைத் திறக்கும் முன்பே தாளில் இரண்டு வரிகள் இருந்தன. அவருடைய கையெழுத்துதான். ஆனால் அவர் எழுதியதல்ல. யாரிடமும் சொன்னதும் அல்ல.

'சுவரைத் தடவித் தடவி அவள் என் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினாள். நான் கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.'

பிரேமா அதை உரக்கப் படித்தாள்.

மறுபடியும் படித்தாள்.

அழியவில்லை.